கீமோ எடுக்கலாமா: நோயாளியின் கணக்கும் நம் கணக்கும்

சித்தியோடு புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போன அன்று அறைக்குள் நான்கு பேர் நுழைந்தோம். நாற்காலி இரண்டுதான். சித்தியும் அவர் மகளும் உட்கார்ந்தார்கள், தம்பியும் நானும் சுவரோரம் நின்றோம். மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, நுரையீரலில் எங்கே இருக்கிறது, கல்லீரலுக்கு எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். அவர் முடிப்பதற்குள் தம்பி கேட்டுவிட்டான்: "டாக்டர், உங்க அம்மாவா இருந்தா என்ன செய்வீங்க?"

அவர் சற்று யோசித்தார். சித்திக்கு 74 வயது, இருபது வருடச் சர்க்கரை. தன் அம்மாவாக இருந்தால் கீமோவுக்கு அவசரப்பட மாட்டேன், வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதைத்தான் முதலில் நினைப்பேன் என்றார். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார்.

சித்திக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "என்னய்யா சொல்றாரு?" என்றார்.

"யோசிச்சுச் சொல்லலாமாம்மா" என்றான் தம்பி.

அன்று சாயங்காலம் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னோம். சித்தி தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். அப்புறம் சொன்னார்: "அவங்க அம்மாவுக்கு வேணாம்னா அது அவங்க இஷ்டம். எனக்குத் துளி வாய்ப்பு இருந்தாலும் போட்டுப் பாக்கணும். பய பிஎஸ்எல்இ எழுதுறதப் பாக்காம நான் எங்கயும் போறதா இல்ல." அது பிப்ரவரி. பேரன் தொடக்கநிலை ஆறு, பிஎஸ்எல்இ சிங்கப்பூரில் அந்த வகுப்பின் முடிவில் எழுதும் தேர்வு. எழுத்துத் தேர்வு முடிய அக்டோபர் ஆகும்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் அப்பா விஷயத்தில் எல்லாம் தலைகீழாக நடந்தது. பெருங்குடலில் மூன்றாம் கட்டம், அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கீமோ கட்டாயம் போடுங்கள் என்றார் மருத்துவர். முடியவே முடியாது என்றார் அப்பா. ஒரே குடும்பம், ஒரே நோயின் பெயர், ஒரே மருந்தின் பெயர். ஒருவருக்கு மருத்துவர் தயங்கினார், நோயாளி துணிந்தார். இன்னொருவருக்கு மருத்துவர் துணிந்தார், நோயாளி தயங்கினார்.

இப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டிய வீட்டில் நீங்கள் இருந்தால், எந்த வழி என்ன தரும், அந்த வழியை யார் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பார்த்ததால் எங்கள் வீட்டில் நாள்கள் வீணாயின.

ஒரே கேள்விக்கு ஆறு பதில்

1990ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. கடுமையான கீமோ ஒன்று இருக்கிறது, வாந்தி வரும், முடி கொட்டும், ஆளை அடித்துப்போடும். குறைந்தது எவ்வளவு பலன் இருந்தால் இதற்குச் சம்மதிப்பீர்கள்? புதிதாகப் புற்றுநோய் தெரியவந்தவர்கள், நோயில்லாத பொதுமக்கள், புற்றுநோய்ப் பிரிவுத் தாதியர், குடும்ப மருத்துவர்கள், கதிரியக்கச் சிகிச்சை மருத்துவர்கள், கீமோ கொடுக்கும் மருத்துவர்கள் என்று ஆறு தரப்பிடமும் இதையே கேட்டார்கள்.

நூற்றில் ஒரு பங்கு குணமாகும் வாய்ப்பு இருந்தாலே போதும், எடுத்துக்கொள்வேன் என்றவர்கள் நோயாளிகளில் 53 சதவீதம். பொதுமக்களில் 19. கீமோ மருத்துவர்களில் சுமார் 20, தாதியரில் 13, குடும்ப மருத்துவர்களில் 12. கதிரியக்க மருத்துவர்களில் வெறும் 4. குணமாகாது, மூன்று மாதம் ஆயுள் கூடும், அவ்வளவுதான் என்றபோதும் நோயாளிகளில் பத்துக்கு நான்கு பேர் சரி என்றார்கள். பொதுமக்களில் பத்துக்கு ஒருவர்தான்.

இந்த எண்களை முதலில் படித்தபோது எனக்குக் காப்பிக்கடையில் சித்தி சொன்ன "துளி வாய்ப்பு" தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் அதைப் பயத்தில் வந்த பேச்சு என்று நினைத்தோம். அம்மாவுக்கு நிலைமை புரியவில்லை என்று மகள் அழுதாள். நோய் வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வதைத்தான் சித்தியும் சொன்னார்.

உடம்பு நன்றாக இருக்கும்போது "எனக்கு வந்தா ஒண்ணும் வேணாம்பா, நிம்மதியாப் போயிடுவேன்" என்று சொல்லாத ஆள் நம்மில் உண்டா? நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நோயில்லாதவர் கீமோவைத் தன் இன்றைய ஆரோக்கியத்தோடு வைத்துப் பார்க்கிறார், அது பெரிய நட்டமாகத் தெரிகிறது. நோயாளிக்கு அந்த ஆரோக்கியம் ஏற்கெனவே போய்விட்டது. அவர் கீமோவைச் சாவோடு வைத்துப் பார்க்கிறார்.

தாதியரும் மருத்துவர்களும் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. என் தோழி ஒருத்தி பல வருடம் புற்றுநோய் வார்டில் தாதியாக இருந்தவள். "எனக்குன்னா நான் போடமாட்டேன்" என்று அவளும் சொல்வாள். ஏன் என்று ஒருநாள் விடாமல் கேட்டேன். வார்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் காய்ச்சல் ஏறி, வெள்ளையணு இறங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி வருகிறவர்கள் என்றாள். கீமோ போட்டுக்கொண்டே தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருகிறவர் அவள் கண்ணில் படுவதே இல்லை. அவள் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் அவள் பார்ப்பது ஒரு பக்கம். அதே மாதிரி, ஐந்து வருடம் கழித்துச் சாக்லேட் பெட்டியோடு வந்து நிற்கும் நோயாளியைப் பார்ப்பது கீமோ மருத்துவர்தான். அவர் கொஞ்சம் கூடுதலாக நம்புவதில் வியப்பில்லை.

அதற்காக நோயாளிகள் எல்லாருமே எதையும் தாங்கத் தயார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1998ல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, கீமோவை ஏற்கெனவே அனுபவித்த 81 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் கேட்டது. சிலர் ஒரு வாரம் கூடக் கிடைத்தாலும் போதும் என்றார்கள். சிலர் இரண்டு வருடம் கிடைத்தாலும் வேண்டாம் என்றார்கள். மூன்று மாத ஆயுளுக்காகக் கீமோவைத் தேர்ந்தவர்கள் 22 சதவீதம்தான். ஆயுள் கூடாவிட்டாலும் தொந்தரவுகள் நன்றாகக் குறையும் என்றால் 68 சதவீதம் பேர் சரி என்றார்கள். ஆகவே சராசரி நமக்கு உதவாது. நம் வீட்டில் படுத்திருப்பவர் ஒரு வாரக்காரரா, இரண்டு வருடக்காரரா என்பதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். மருத்துவரின் அம்மா அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் நோக்கத்தைக் கேளுங்கள்

கீமோ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு பேரங்கள் இருக்கின்றன. நோயை அறவே போக்குவது, போக்க முடியாத நோயைக் கொஞ்சகாலம் அடக்கி ஆயுளை நீட்டுவது, வலி இருமல் அடைப்பு போன்ற தொந்தரவைக் குறைப்பது. "இந்தக் கீமோ எதற்கு?" என்ற ஒரு கேள்விக்கு மருத்துவரிடம் நேரடிப் பதில் வாங்கிய பிறகுதான் வேண்டும் வேண்டாம் என்ற பேச்சே தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு நோக்கம் முதலாவது. கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. ஆனால் பக்கத்து நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததால், கண்ணுக்குத் தெரியாத செல்கள் வேறெங்காவது தங்கியிருக்கலாம். மருத்துவர் ஒரு தாளில் வட்டங்கள் போட்டுக் காட்டினார். பாதியளவு பேர் அறுவை சிகிச்சையோடு தப்பிவிடுவார்கள், அவர்களுக்குக் கீமோ தேவையே இல்லை. சிலருக்குக் கீமோ போட்டும் திரும்ப வரும். நடுவில் இருக்கும் வட்டங்களுக்குத்தான் கீமோ உயிர் தருகிறது. நீங்கள் எந்த வட்டம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அப்பா மறுத்ததற்குக் காரணம் அந்த வட்டங்கள் இல்லை. துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் எண்பதுகளில் கீமோ எடுத்தார். வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்களாம். அந்த வாளி அப்பாவின் மனத்தை விட்டு இறங்கவே இல்லை. ஒண்டான்செட்ரான் போன்ற வாந்தி மருந்துகள் புழக்கத்துக்கு வந்ததே தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். அதற்குப் பிறகு இன்னும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அப்பா பயந்த வாந்தி இன்று பெரும்பாலானவர்களுக்குக் கட்டுக்குள் இருக்கிறது. லண்டன் ஆய்வின் எண்களைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வைக்க வேண்டும், அது அந்தக் காலத்துக் கீமோவை வைத்துக் கேட்ட கேள்வி.

அப்பாவுக்கு வந்த சிரமம் வேறு. அவருக்குக் கொடுத்தது ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியும் கேப்சிடபின் மாத்திரையும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், பதினான்கு நாள் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. இந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. இரண்டாம் முறை ஏற்றி வந்த மறுநாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தயிர் டப்பாவை எடுத்தவர், ஷாக் அடித்த மாதிரி அதைக் கீழே போட்டுவிட்டார். தரையெல்லாம் தயிர். அவர் விரல்களைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அன்றிலிருந்து பெட்டியின் கைப்பிடியில் ஒரு ஜோடிப் பஞ்சுக் கையுறை தொங்கியது. மைலோ பெங் (ஐஸ் போட்ட மைலோ) குடிக்காத ஒரு நாள் அவர் வாழ்க்கையில் கிடையாது, வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறினார். நான்காம் முறைக்குப் பிறகு சட்டைப் பொத்தானைப் போடச் சில வாரம் அம்மா உதவி தேவைப்பட்டது.

இங்கேதான் ஒரு தேர்வு இருந்தது. பலருக்குத் தெரியாதது. முன்பெல்லாம் இந்தச் சிகிச்சை ஆறு மாதம். 2018ல் வெளியான, சுமார் 12,800 நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், மூன்று மாதத்தோடு நிறுத்தியவர்களில் 74.6 சதவீதமும் ஆறு மாதம் எடுத்தவர்களில் 75.5 சதவீதமும் மூன்று வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். நரம்பு மரப்பு கணிசமாக வந்தவர்களோ, அப்பா எடுத்த மருந்துச் சேர்க்கையில், ஆறு மாதக்காரர்களில் 45 சதவீதம், மூன்று மாதக்காரர்களில் 14 சதவீதம். நோய் அதிகம் பரவாத மூன்றாம் கட்டத்தவருக்கு மூன்று மாதமே போதும் என்று இதனால் பல மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். அப்பாவுக்கு அது பொருந்தியது. "மூணு மாசம்னா சரி" என்று அவர் ஒப்புக்கொண்டதற்கு முழுக்காரணம் இந்தக் கணக்குதான். முடியவே முடியாது என்பதற்கும் ஆறு மாதம் என்பதற்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் அவர் கடைசிவரை மறுத்திருப்பார்.

நோக்கம் குணப்படுத்துவது என்றால் என் கருத்து இதுதான்: நோயாளி மறுத்தாலும் உடனே விட்டுவிடாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் பழைய கதையாக இருக்கும். அளவைக் குறைக்கலாமா, காலத்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எழுபதைத் தாண்டியவருக்கு ஆக்ஸாலிபிளாட்டினால் கூடுதல் பலன் குறைவு, அதை விட்டு மாத்திரை மட்டும் கொடுப்பதும் உண்டு. எல்லாம் கேட்டும் அவர் வேண்டாம் என்றால், அப்போது அது அவர் முடிவு.

"மருந்து கேட்கும்" என்ற சொல்

சித்திக்கு நோக்கம் இரண்டாவது. நான்காம் கட்டம், குணமாகாது. இதை அவரிடம் யார் எப்படிச் சொல்வது என்பதில்தான் நாங்கள் தடுமாறினோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் நம் பெரியவர்கள் பலர் மருத்துவரின் பேச்சைப் பிள்ளைகள் வாய் வழியாகத்தான் கேட்கிறார்கள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னது, இந்த மருந்துக்குக் கட்டி சுருங்க வாய்ப்பிருக்கிறது என்பது. தம்பி அதைத் தமிழில் "மருந்து கேக்கும்னு சொல்றாரும்மா" என்றான். தவறாகச் சொல்லவில்லை. ஆனால் "மருந்து கேட்கும்" என்று தமிழில் சொன்னால் என்ன பொருள்? காய்ச்சலுக்கு மருந்து கேட்டது என்றால் காய்ச்சல் போய்விட்டது. சித்தியின் காதில் அது குணமாகும் என்றுதான் விழுந்தது. கட்டி சுருங்குவது வேறு, நோய் போவது வேறு. சுருங்கியது மறுபடி வளரும். அந்த வேறுபாடு எங்கள் மொழிபெயர்ப்பில் காணாமல் போனது. பாதி அறியாமல் நடந்தது, பாதி நாங்களே விரும்பிச் செய்தது.

இது நம்மிடம் மட்டும் உள்ள பழக்கமா என்றால், இல்லை. 2012ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பரவிய நுரையீரல், குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,193 பேரைக் கேட்டார்கள். இந்தக் கீமோ தங்களைக் குணப்படுத்த வாய்ப்பே இல்லை என்பதை, நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதமும் குடல் நோயாளிகளில் 81 சதவீதமும் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அதே மொழி பேசும் மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசும் நாட்டிலேயே இப்படி. நடுவில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளை மொழிபெயர்த்தால் என்ன ஆகும்?

அப்படியானால், லண்டன் ஆய்வில் நோயாளிகள் துளி வாய்ப்புக்கும் சரி என்றதை நான் மதிப்பது எப்படி? வாய்ப்பு துளிதான் என்று தெரிந்து சரி என்பது ஒன்று. குணமாகிவிடும் என்று நம்பிச் சரி என்பது வேறொன்று. முதலாவதை யாரும் கேள்வி கேட்க உரிமையில்லை. இரண்டாவதில் நாம் அவரை ஏமாற்றுகிறோம், அவர் கையெழுத்தை நாம் போடுகிற மாதிரி.

ஆகவே ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் தமிழ் பேசும் தாதியையோ மொழிபெயர்ப்பாளரையோ கேளுங்கள், முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்ய முயல்வார்கள். அடுத்த சந்திப்புக்கு நாங்கள் அப்படிக் கேட்டோம். வந்தவர் ஒரு தமிழ்த் தாதி, நாற்பது வயதிருக்கும். சித்தியின் முழங்காலுக்கு அருகில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆன்ட்டி, இந்த மருந்து நோயை எடுத்துறாது. கொஞ்ச நாளைக்கு அடக்கி வைக்கும். அது எத்தன மாசம்னு யாராலயும் சொல்ல முடியாது. சில பேருக்கு அடங்காமயும் போகலாம். புரியுதா ஆன்ட்டி?" என்றார். சித்தி தலையாட்டினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் "அக்டோபர் வரைக்கும் அடக்குமா?" என்று கேட்டார். தாதி அதை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். முதல் தடவையாக அந்த அறையில் சித்தியின் கேள்விக்குப் பதில் வந்தது: உறுதி இல்லை, ஆனால் முயன்று பார்க்க அது நியாயமான இலக்கு.

மகளுக்கு அம்மா உடைந்துபோவார் என்ற பயம் இருந்தது. சித்தி அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

நான்காம் கட்டத்தில் உள்ள வழிகள்

கீமோவுக்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று. நுரையீரல் புற்றுநோய் என்றால் கட்டியில் மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இஜிஎஃப்ஆர் என்னும் மரபணு மாற்றம் நிறையவே காணப்படுகிறது. அது இருந்தால் தினம் ஒரு மாத்திரைதான் முதல் சிகிச்சை, கீமோ பின்னால் போய்விடும். சித்திக்குச் சோதனை முடிவு வரச் சில வாரம் ஆனது. இல்லை என்று வந்தது.

பிறகு சித்திக்கு எஞ்சியவை மூன்று. முழு அளவில் கீமோவைத் தொடங்கி மருந்து கேட்கும்வரை போவது. கீமோவே இல்லாமல் வலிதணிப்புப் பராமரிப்பை மட்டும் எடுத்துக்கொள்வது. அல்லது இரண்டு முறை போட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, முன்பே பேசி வைத்த நிபந்தனைப்படி தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது.

முதல் வழியில் உள்ள ஆபத்து, அதற்கு நிறுத்தும் இடம் இல்லை. ஒரு மருந்து தோற்றால் அடுத்தது, அதுவும் தோற்றால் அதற்கடுத்தது. 2015ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, வாழ்வின் கடைசிக் காலத்தில் எடுத்த கீமோ, நல்ல நடமாட்டத்தோடு இருந்தவர்களின் கடைசி வாரத்தை மேலும் மோசமாக்கியது என்று கண்டது. ஏற்கெனவே தளர்ந்திருந்தவர்களுக்கும் அது நன்மை செய்யவில்லை. மருத்துவர் "பகலில் எவ்வளவு நேரம் படுக்கையில் இருக்கிறார்?" என்று கேட்பார். வயதைவிட இந்தக் கேள்வி முக்கியமானது. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுத்தே இருப்பவருக்குக் கீமோ பெரும்பாலும் கெடுதல்தான். நாம் பதறி "நல்லாத்தான் நடமாடுறாங்க டாக்டர்" என்று கூட்டிச் சொல்லிவிடுகிறோம். சொல்லாதீர்கள்.

இரண்டாவது வழியை நம் வீடுகளில் கைவிட்டுவிடுவதாக நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. 2010ல் பாஸ்டனில் 151 பேரிடம் நடந்த ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, மறுபாதிக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே வலிதணிப்புக் குழுவின் பராமரிப்பு. இரண்டாம் பிரிவினர் மனநிலையும் அன்றாட வாழ்வும் மேலாக இருந்தது. கடைசிக் காலத்தில் அவர்கள் கடுமையான சிகிச்சை குறைவாகவே எடுத்தார்கள். அப்படியும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. இங்கே பொது மருத்துவமனைகளில் இதற்கென்று தனிக்குழு இருக்கிறது. எச்சிஏ போன்ற அமைப்புகள் வீட்டுக்கே வந்து பார்க்கின்றன. அந்தக் குழுவைச் சந்திப்பதற்குக் கீமோவை விட வேண்டிய அவசியமே இல்லை, இரண்டும் சேர்ந்தே போகலாம்.

நான் மூன்றாவது பக்கம். சித்தியும் அதைத்தான் எடுத்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மருந்து, இரண்டு தடவை, அப்புறம் ஸ்கேன். தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்தோம், எழுதியது நான், சொன்னது சித்தி. கட்டி வளர்ந்திருந்தால் நிறுத்தம். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டி இரண்டு தடவை வார்டில் படுக்க நேர்ந்தால் நிறுத்தம். "நானே எழுந்து குளிக்க முடியலன்னா நிப்பாட்டிடணும்" என்பதை அவர் மூன்றாவதாகச் சேர்த்தார். மருத்துவருக்கு அந்த வரி தோன்றியிருக்காது, எங்களுக்கும் தோன்றவில்லை. தாளை மருத்துவரிடம் காட்டினோம், கோப்பில் சேர்த்துக்கொண்டார். 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, நோயாளிக்கு எது முக்கியம் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்கிறதோ அதையொட்டிய தகவலை அவர் தரவும் வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம் என்று நாம் வாய்விட்டுச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

பணம், பத்திரம், பச்சிலை

பணத்தைப் பற்றி நிறைய எழுத மாட்டேன், மருத்துவ சமூக சேவகரைக் கேட்டால் அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடும். 2022 செப்டம்பர் முதல், பட்டியலில் உள்ள புற்றுநோய் மருந்துகளுக்கு மட்டுமே மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி கொடுக்கிறது. தொடங்கியபோது மருந்தைப் பொறுத்து மாதம் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதல் 9,600 வெள்ளி வரை உச்சவரம்பு இருந்தது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பிலிருந்தும் மாதாமாதம் ஒரு தொகை எடுக்கலாம். மருந்து பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெரியவர்கள் பலர் "எனக்கு வேணாம்" என்பதற்குள் "உங்க காசு போகும்" என்பது ஒளிந்திருக்கும். எவ்வளவு ஆகும் என்று அவரிடமே எண்ணைச் சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

மூத்த பிள்ளை சொன்னால் போதும் என்ற எண்ணமும் இங்கே செல்லாது. நோயாளி தெளிவாக இருக்கும்வரை முடிவு அவருடையது. எல்பிஏ, அதாவது அவரால் முடிவெடுக்க முடியாமல் போனால் அவருக்காக முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கியிருந்தாலும், அவர் நினைவோடு இருக்கையில் அது பேசாது. உயிர்காக்கும் சிகிச்சையைப் பற்றி எப்போதுமே பேசாது.

முள்சீத்தா இலைச் சாறு, மஞ்சள், வாட்ஸ்அப்பில் வரும் இன்னும் பத்து. கீமோவோடு எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், கல்லீரல் ஒன்றுதான் இருக்கிறது. சிகிச்சைக்குப் பதிலாக இதை மட்டும் நம்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குணமாகக்கூடிய கட்டத்தில் மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று 2018ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. அப்பா மறுத்துக்கொண்டிருந்த நாள்களில் ஒரு உறவினர் தினமும் சாறு கொண்டு வந்தார். அன்பில்தான் கொண்டு வந்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அக்டோபர்

சித்திக்கு இரண்டாம் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. தொடர்ந்தார். நடுவில் ஒருமுறை காய்ச்சலோடு இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவுக்கு ஓடினோம், ஐந்து நாள் வார்டில் இருந்தார். மறுபடி எழுந்தார். செப்டம்பர் வரை தானே குளித்தார். தேர்வு நாளில் பேரனின் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்.

அக்டோபர் கடைசியில் எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அதே அறை, அதே இரண்டு நாற்காலி. இரண்டாம் வரிசை மருந்து ஒன்று இருக்கிறது, பலன் குறைவு, தொந்தரவு அதிகம் என்று மருத்துவர் சொன்னார். தம்பி உடனே ஆங்கிலத்தில் கேள்விகள் கேட்கத் தொடங்கினான். எத்தனை சதவீதம், எவ்வளவு நாள், வேறு மருந்து உண்டா. தமிழ்த் தாதி அன்று விடுப்பு. மருத்துவருக்குப் பக்கத்தில் ஒரு மலாய்த் தாதி நின்றிருந்தார்.

சித்தி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அந்த மலாய்ப் பெண்ணின் கையைப் பிடித்து, கம்பத்துக் கிராமத்தில் வளர்ந்தபோது கற்ற மலாயில், "சுக்குப் லா, நாக்" என்றார். போதும் மகளே.

தாதி அதை ஆங்கிலத்தில் மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, தன் நாற்காலியைச் சித்தி பக்கம் இழுத்துக்கொண்டார்.